உறைந்த ஏரியின் அடியில் முப்பது மீட்டர்

1

நாங்கள் மெல்போர்ன் வந்து இந்த மே மாதத்தோடு எட்டு வருஷம் ஆகிறது. சேலத்தில் என்னோடு படித்த தோழி ஒருத்தி இப்போது ஒரு சிறு பத்திரிகை நடத்துகிறாள். "ஆஸ்திரேலியா பற்றி எழுதிக் கொடுடி, கங்காரு மட்டும் வேண்டாம், அதை எல்லாரும் எழுதிட்டாங்க" என்று கேட்டாள். சரியென்று உட்கார்ந்தேன். யோசித்துப் பார்த்தால் எனக்கு நன்றாகத் தெரிந்த நாடு ஆஸ்திரேலியா இல்லை, கனடா. அங்கே நான் இதுவரை கால் வைத்ததில்லை.

விஷயம் இதுதான். மெல்போர்னில் அலுவலகம் வைத்திருந்த ஒரு சின்னச் சுரங்கக் கம்பெனிக்குக் கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தின் வடக்கே, சாலையே போகாத ஓரிடத்தில் நிலம் இருந்தது. அங்கே தங்கம் இருக்கிறதா என்று பூமியைத் துளைத்து, உருளை உருளையாகக் கல்லை வெளியே எடுப்பார்கள். ஒரு குழந்தையின் மணிக்கட்டுப் பருமன் இருக்கும். அதைப் பெட்டிகளில் வரிசையாக அடுக்கி, தண்ணீர் தெளித்துப் படம் எடுத்து அனுப்புவார்கள். முகாமில் இருப்பவர் மேலோட்டமாக ஒரு குறிப்பு எழுதுவார். மெல்போர்னில் ஒரு மேசையில் உட்கார்ந்து அந்தப் படங்களைப் பெரிதாக்கி, இது என்ன கல், எங்கே நிறம் மாறுகிறது, எங்கே உடைந்திருக்கிறது என்று அங்குலம் அங்குலமாக எழுதுவது என் வேலை. ஒவ்வொரு பக்கத்தின் கடைசிக் கட்டத்திலும் 'எழுதியவர்' என்று என் பெயர் இருக்கும்.

பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள் இனியா, அம்மா என்ன வேலை செய்கிறார் என்று பள்ளியில் கேட்டபோது, அம்மா கல்லோட ஃபோட்டோ பார்க்கிறார் என்று ஆங்கிலத்தில் சொல்லி வைத்திருந்தாள். தப்பென்று சொல்ல முடியாது.

2

இந்த மேசைக்கு வந்து சேர எனக்கு ஏழு வருஷம் பிடித்தது. நான் சேலத்தில் எம்.எஸ்ஸி. நிலவியல் முடித்தவள். கஞ்சமலையில் சுத்தியலும் கையுமாக ஏறி இறங்கியிருக்கிறேன். கிரானைட் குவாரி ஒன்றில் மூன்று வருஷம் வேலையும் பார்த்தேன். என் கணவர் சரவணன் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவர். அவருக்கு இங்கே வந்த மூன்றாம் வாரமே வேலை கிடைத்தது. என் படிப்பை மதிப்பிட வேண்டிய அலுவலகமோ, கல்லூரியில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் களப்பணி செய்தாய் என்று கல்லூரியின் கடிதத்தாளில் எழுதி வாங்கி வா என்றது. கல்லூரி அலுவலகத்துக்கு ஃபோன் போட்டேன். "அதெல்லாம் யாரும்மா எண்ணினாங்க, லீவு முடிஞ்சு நேர்ல வாங்க" என்றார் எழுத்தர். நேரில் வர ஒரு விமான டிக்கெட் ஆகும் என்று அவரிடம் சொல்லவில்லை. அவர் மேல் என்ன தப்பு.

அந்தக் கடிதம் வர இரண்டு வருஷம். வந்த பிறகு, எல்லாம் சரி, இந்த நாட்டில் வேலை பார்த்த அனுபவம் உண்டா என்றார்கள். அனுபவம் இருந்தால்தான் வேலை, வேலை கிடைத்தால்தான் அனுபவம். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்று ஊரில் சொல்வார்களே, அந்தக் கதைதான். நடுவில் ஐந்து வருஷம் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை பார்த்தேன். எண்பது பேருக்கு உருளைக்கிழங்கு மசித்திருக்கிறேன். அதை நான் குறைவாகச் சொல்லவில்லை, அந்த இடம் எனக்குச் சோறு போட்டது. ஆனால் ஒவ்வொரு நாளும் கையுறையைக் கழற்றும்போது நான் யார் என்பதை எனக்கு நானே ஒரு தடவை சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. போன வருஷம் இந்தக் கம்பெனி பத்து மாத ஒப்பந்தத்தில் என்னை எடுத்தது. பிடித்திருந்தால் நீட்டிப்போம் என்றார்கள்.

3

நாங்கள் இருப்பது மெல்போர்னின் மேற்கோரம், வெரிபீ பக்கம், புதிதாகப் போட்ட மனைகளில் ஒன்றில். இங்கே பூமிக்கு வயசு கம்மி. கறிவேப்பிலைக் கன்று நட ஒரு முழம் தோண்டினால் கடப்பாரை 'ணங்' என்று எரிமலைக் கல்லில் இடிக்கும். அதற்கு மேல் இருக்கிற கரிசல் மண் கோடையில் கை நுழையும் அளவு வெடிக்கும், மழையில் ஊதிப் பெருக்கும். பக்கத்து வீட்டுச் சுவரில் இதனால் ஒரு விரிசல் ஓடுகிறது. பூமியின் கணக்கில் இந்தக் கல் நேற்றுப் பிறந்த பிள்ளை.

கனடா அப்படியில்லை. அந்த நாட்டில் ஏறக்குறையப் பாதி, ஒரே பழம்பாறை. கனடியக் கேடயம் என்று அதற்குப் பெயர். நான் பார்த்த கல்லுக்கு வயசு இருநூற்று எழுபது கோடி வருஷம். உலகத்தில் மரம் கிடையாது, மீன் கிடையாது, அப்போது கடலுக்கடியில் எரிமலை கக்கிய குழம்பும், அதன் மேல் வந்து படிந்த மணலும் சேறும்தான் அது. பிற்பாடு அதன் மேல் கிலோமீட்டர் கணக்கில் பனிப்பாளம் ஏறி உட்கார்ந்தது. உட்கார்ந்ததோடு விடவில்லை, நகர்ந்தது. நகரும்போது மேல்மண்ணை எல்லாம் வழித்து எடுத்துத் தெற்கே கொண்டுபோய்ப் போட்டது. தோசைக்கல்லைக் கரண்டியால் சுரண்டியது மாதிரி பாறையில் கீறல்கள் இன்றைக்கும் இருக்கின்றன. சுரண்டிய பள்ளத்தில் எல்லாம் தண்ணீர் நின்று ஏரியானது. எத்தனை ஏரி என்று கிளேரிடம் ஒருநாள் கேட்டேன். கிளேர் என்பது அந்த முகாமில் இருக்கும் நிலவியலாளர், முப்பது வயசுப் பெண். பெயர் வைத்தே முடியவில்லை, எண்ணிக்கைக்கு எங்கே போவது என்றாள். பனி உருகி ஆயிரக்கணக்கான வருஷம் ஆகியும், அந்தப் பாரம் இறங்கிய நிலம் ஹட்சன் வளைகுடாப் பக்கம் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் போல இன்னும் மேலே எழும்பிக்கொண்டிருக்கிறது. இதை முதலில் படித்த அன்று எனக்குக் காரணமில்லாமல் சந்தோஷமாக இருந்தது.

சேலத்துக் கல்லும் ஏறக்குறைய அந்தத் தலைமுறைதான். அதனால் வெரிபீயில் வீடு வாங்கிய எனக்கு, ஊர்க்காரர் மாதிரி தெரிந்தது ஒன்டாரியோப் பாறைதான்.

4

இப்போது என் மானம் போன கதை.

போன ஜனவரியில் புதிய துளை ஒன்று தொடங்கினார்கள். அதுவரை நான் பார்த்ததெல்லாம் கோடையில் கரையில் துளைத்த கல். இந்தத் துளையின் இடத்தை வரைபடத்தில் பார்த்தால், ஒரு பெரிய ஏரியின் நட்ட நடுவில் புள்ளி இருந்தது. கூடவே கிளேரின் குறிப்பு: துளைக்கும் எந்திரத்தை லாரியில் ஏற்றி ஏரிக்குள் இறக்கியாயிற்று, மார்ச் கடைசிக்குள் ஏரியை விட்டு வெளியேறிவிட வேண்டும்.

என் அப்பா திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று லாரியில் வேலை பார்த்தவர். பீகார், ஒரிசா என்று வருஷத்தில் பாதி வெளியே இருப்பார். சித்திரை வெயிலில் எங்கள் பக்கத்து ஏரிகள் வற்றிப் பாளம் பாளமாக வெடிக்கும்போதுதான், ஏரிக்குள்ளேயே போர் போட ஆள் கூப்பிடுவார்கள், லாரி ஊர்ப்பக்கம் வரும். ஏரிக்குள் லாரி இறங்குகிறது என்றால் பஞ்சம். மழைக்கு முன்னால் ஏறிவிட வேண்டும். இது எனக்குப் படிப்பில் வந்த அறிவில்லை, ரத்தத்தில் ஊறியது. அன்றைக்கு மெல்போர்னில் வெயில் நாற்பத்தொரு டிகிரி. ரயில் தண்டவாளம் சூடேறி வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. குளிர்காலம் என்று ஒன்று உலகத்தின் மறுபக்கத்தில் நடக்கிறது என்ற நினைப்பே எனக்கு இல்லை.

படங்கள் வந்தன. முதல் பதினாலு மீட்டருக்குக் கல்லே இல்லை. பெட்டி பதினாலாவது மீட்டரில்தான் தொடங்கியது. எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு கல்லைத் தொலைத்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று, 'துளைப்பவர்களின் கவனக்குறைவால் பதினாலு மீட்டர் கல் இழப்பு' என்று எழுதினேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு, அவர்களுக்கு முந்தைய நாள் பிற்பகல், வழக்கமான வீடியோக் கூட்டம். எங்கள் குழுத் தலைவர் கிரெய்க், கிளேர், இன்னும் நாலைந்து பேர். நான் அக்கறையாகக் கேட்டேன். உங்கள் பக்கம் எத்தனை வருஷமாக வறட்சி, ஏரி எப்போது வற்றியது?

கிளேர் தன் மடிக்கணினியைத் தூக்கி ஜன்னல் பக்கம் திருப்பினாள். கண்ணுக்கு எட்டியவரை வெள்ளை. நடுவில் பொம்மை மாதிரி துளை எந்திரம். ஏரி உறைந்து ஒரு மீட்டர் தடிமனுக்குப் பனிக்கட்டி, அதன் மேல், குளிர்காலத்துக்கு மட்டும் போடும் பனிப்பாதையில் வந்த லாரி. பனிக்கட்டிக்கு அடியில் தண்ணீர், தண்ணீருக்கு அடியில் சேறு, பதினாலு மீட்டர் கழித்துத்தான் பாறை. நான் தொலைந்துபோனதாக எழுதிய கல், தண்ணீர்.

கிரெய்க்தான் அதிக நேரம் சிரித்தார். கெட்ட மனுஷர் இல்லை, ஆனால் சிரிப்பை அடக்கத் தெரியாதவர். அன்றிலிருந்து அலுவலகத்தில் என் பெயர் 'வறட்சி' என்றாயிற்று. காபி எந்திரத்தில் தண்ணீர் தீர்ந்தால்கூட என்னைப் பார்த்தார்கள். நானும் கூடச் சிரித்தேன். எட்டு வருஷத்தில் நான் நன்றாகக் கற்றுக்கொண்ட திறமைகளில் அது ஒன்று.

5

வெரிபீயிலிருந்து ரயிலில் என்னோடு வருகிறவர் ரஞ்சி அன்ரி. யாழ்ப்பாணத்துக்காரர், நகரத்தில் ஒரு மருத்துவமனையில் துணி வெளுக்கும் பிரிவில் இருக்கிறார். அறுபது வயசு. எங்கள் ஊரில் ஆன்ட்டி என்போம். ஆனால் அவர்கள் சொல்கிற அன்ரியில் கொஞ்சம் உறவும் சேர்ந்திருப்பதால் நான் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டேன். அன்று மாலை என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். சொன்னேன். அவரும் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"என்ர தம்பி கனடாவிலதானே லொறி ஓடினவன்" என்றார் அவர். "முதல் வருசம் குளத்துக்கு மேலால ஓடச் சொல்லிப்போட்டாங்கள். இவன் லொறியை விட்டு இறங்கி, எனக்கு நீந்தத் தெரியாது எண்டு அழுதவனாம். உனக்கு அழுகை வரேல்லைத்தானே? பிறகென்ன."

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு நான் சிரித்தேன். இரண்டு நாளுக்கு அது போதுமாக இருந்தது.

6

மார்ச் முதல் வாரத்தில் அந்தத் துளையின் இருநூற்றுப் பத்தாவது மீட்டர் வந்தது. அதிலிருந்துதான் விஷயம் தொடங்குகிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், கஷ்டமில்லை.

கேழ்வரகு மாவைத் தண்ணீரில் கலக்கி வைத்தால் அரைபடாத கப்பி அடியில் தங்கும், மாவு மேலே நிற்கும். பழைய கடலடியிலும் அப்படித்தான். ஒவ்வொரு படிவிலும் பருமணல் கீழே, நைஸ் சேறு மேலே. அது அப்படியே இறுகிக் கல்லாகிவிடும். ஆகவே, ஒரு துண்டுக் கல்லைக் கையில் கொடுத்தால் எந்தப் பக்கம் வானத்தைப் பார்த்து இருந்தது என்று சொல்லிவிடலாம். அந்தத் துளையில் இருநூற்றுப் பத்து மீட்டர்வரை எல்லாக் கல்லும் தலை மேலே பார்த்தபடி வந்தன. அங்கிருந்து முப்பது மீட்டருக்குத் தலைகீழ். பருமணல் மேலே, சேறு கீழே.

கிரெய்க் துள்ளினார். கல் தலைகீழாகிறது என்றால் பாறை அடுக்கு பாயை மடித்தது போல மடிந்திருக்கிறது என்று அர்த்தம். மடிந்திருந்தால், மேலே நூற்றிருபது மீட்டரில் கொஞ்சம் தங்கம் காட்டிய அதே அடுக்கு, கீழே இன்னொரு தடவை வர வேண்டும். அடுத்த குளிர்காலத்தில் இன்னும் இரண்டு ஆழத் துளைகள் போடலாம் என்று திட்டம் தயாரானது. அந்த வாரமே கிரெய்க் என்னைக் கூப்பிட்டு, இன்னொரு வருஷத்துக்கு நீ வேண்டும், மாதக் கடைசியில் தாள் வரும், கையெழுத்துப் போட்டுவிடு என்றார். வீட்டுக்கு வந்து பாயசம் வைத்தேன்.

மறுநாள் காலை அந்த முப்பது மீட்டரை விரிவாக எழுத உட்கார்ந்தேன். துளைக்குழாய் ஒரு தடவைக்கு மூன்று மீட்டர் கல்லைக் கொண்டுவரும். அதைப் பெட்டியில் புத்தகம் படிக்கிற வரிசையில், இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக அடுக்கி, முடிவில் ஆழம் எழுதிய ஒரு மரக்கட்டையை வைப்பார்கள். ஒரு மூன்று மீட்டரின் கடைசித் துண்டும், கட்டைக்கு அடுத்த மூன்று மீட்டரின் முதல் துண்டும், பூமிக்குள் ஒட்டிக்கொண்டிருந்தவை. இரண்டாக உடைத்த கடலை மிட்டாய் மாதிரி அந்த இரண்டு முனையும் பொருந்த வேண்டும்.

பொருந்தவில்லை. ஒரு மூன்று மீட்டரின் தொடக்கத்தில், எங்கள் ஊரில் வெங்கச்சங்கல் என்கிற குவார்ட்ஸின் வெள்ளைக் கோடு ஒன்று பாதியில் உடைந்து நின்றது. மறுபாதி கட்டைக்கு அந்தப் பக்கம் இல்லை. தேடினேன். ஆறு மீட்டர் தள்ளி, அடுத்த மூன்று மீட்டரின் கடைசி முனையில் இருந்தது.

ஏன் ஆறு மீட்டர் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது பிடிபட்டது. பூமிக்குள் பாறை மடியவில்லை. யாரோ ஒருவர், ஒரு ஷிஃப்ட் முழுக்க, குழாயிலிருந்து எடுத்த ஒவ்வொரு மூன்று மீட்டரையும் முன்னும் பின்னும் மாற்றிப் பெட்டியில் அடுக்கியிருக்கிறார். கட்டைகள் சரியான இடத்தில் இருந்தன, கல்தான் திரும்பியிருந்தது. அடுத்தடுத்த இரண்டு குழாய்க் கல்லும் திரும்பியதில், ஒட்டியிருந்த முனைகள் ஆளுக்கொரு ஓரத்துக்குப் போய் ஆறு மீட்டர் விலகிவிட்டன. அவ்வளவுதான். மடிப்பு இல்லை, கீழே தங்கம் இல்லை, அடுத்த குளிர்காலம் இல்லை.

எனக்கும் வேலை இல்லை. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன்.

7

அன்று சரவணனிடம் சொன்னேன். முதலில், உனக்கு நிச்சயமா என்று கேட்டார். ஏரி வற்றியது என்றுகூட நீ நிச்சயமாகத்தான் சொன்னாய் என்று அவர் சொல்லவில்லை, ஆனால் இரண்டு பேர் மனசிலும் அது ஓடியது.

"ரெண்டு வாரம் பொறு" என்றார். "பேப்பர்ல கையெழுத்து ஆகட்டும். அதுக்கப்புறம் சொல்லிக்கலாம். யாரு கேக்கப் போறா, எப்பக் கண்டுபிடிச்சேன்னு?"

நியாயமான மனுஷர்தான் அவர். ஏழு வருஷம் நான் பட்டதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் பேசிய பேச்சு அது. எனக்கும் அந்த யோசனை வராமல் இல்லை, வந்தது. இரண்டு வாரம்தானே என்று ஒரு முழு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு நாளில் என் மேலேயே எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. கல்லைச் சரியாகப் பார்க்கிறேன் என்றுதான் இவர்களிடம் சம்பளம் கேட்டேன். பார்த்ததை மறைத்தால் அப்புறம் நான் எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை படங்களை எல்லாம் அச்சடித்து, கத்தரிக்கோலால் மூன்று மூன்று மீட்டராக நாடா போல வெட்டி, சமையலறைத் தரையில் வரிசையாகப் பரப்பினேன். ஃபிரிட்ஜிலிருந்து பின்வாசல்வரை கனடா. இனியா பால் எடுக்க வந்தவள் தாண்டித் தாண்டிப் போனாள். ஒவ்வொரு நாடாவையும் திருப்பி வைத்து, முனைக்கு முனை சேர்த்துப் பார்த்தேன். பதினொரு இணைப்பு. அதில் ஒன்றில் கல் நொறுங்கியிருந்தது, சொல்ல முடியாது. மற்றப் பத்தும் பொருந்தின. "பத்துப் பொருத்தமும் இருக்குங்க" என்றேன். சரவணன் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தானும் பார்த்தார். பிறகு பொறு என்ற பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

கிரெய்க்குக்கும் கிளேருக்கும் ஒரு மின்னஞ்சல் எழுதினேன். என் ஆங்கிலம் சரியாக இருக்கிறதா பார் என்று இனியாவிடம் கொடுத்தேன். இரண்டு வருஷமாக நான் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை பதில் சொல்லுவாள், அதுவும் காதில் மாட்டியதைக் கழற்றாமல். தமிழ்ப் பள்ளியை நிறுத்தியாயிற்று. அன்றைக்கு ஏனோ காதிலிருந்ததைக் கழற்றினாள். இலக்கணத்தைத் திருத்துவாள் என்று நின்றுகொண்டிருந்தேன். அவள் நாலே நாலு இடத்தில் ஒரே ஒரு சொல்லை அழித்தாள்.

"யூ ஸெட் ஸாரி ஃபோர் டைம்ஸ், அம்மா. ஸாரி ஃபார் வாட்? நீ கரெக்ட்தானே?"

"கரெக்ட்தான்."

"தென் செண்ட் இட்."

அனுப்பினேன். பொருத்தம் பத்தும் இருந்தும் பயமாகத்தான் இருந்தது.

8

திங்கள் காலைக் கூட்டத்தில் கிரெய்க் சிரிக்கவில்லை. இது கொஞ்சம் பெரிய வார்த்தை, படத்தை மட்டும் பார்த்து இதைச் சொல்ல முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். ஒருவேளை உடைந்த முனைகள் தற்செயலாகப் பொருந்தியிருக்கலாம் இல்லையா என்றார் இன்னொருவர். ஒன்று பொருந்தலாம், பத்தும் பொருந்தாது என்றேன். யாரோ வாய்க்குள் 'வறட்சி' என்றது எனக்குக் கேட்டது. பெட்டிகள் அங்கேதான் இருக்கின்றன, திறந்து பாருங்கள், நான் சொன்னது தப்பென்றால் என் பெயர் போட்டே தப்பென்று எழுதுங்கள் என்றேன். குரல் நான் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது. கிளேர் மட்டும் எதையோ குறித்துக்கொண்டு, நாளைக்குச் சொல்கிறேன் என்றாள்.

அங்கே அப்போது குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பதைத் தாண்டியிருந்தது. பெட்டிகள் வெளியே அடுக்கில், பனி மூடிக் கிடந்தன. அவள் அவற்றை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்து வந்து, உருக வைத்து, துண்டு துண்டாக எடுத்துப் பார்த்திருக்கிறாள். மறுநாள் காலை அவளிடமிருந்து ஒரே ஒரு படம் வந்தது. கையுறை போட்ட விரல்களுக்கு நடுவே அந்த வெங்கச்சங்கல்லின் இரண்டு பாதியும் ஒட்டி இருந்தன. எங்கே உடைந்தது என்று தேட வேண்டியிருந்தது. பிறகு கூட்டத்தில் அவளே சொன்னாள்: அந்த ஷிஃப்டில் புதிதாக ஓர் ஆள் வந்திருந்தார், யாரும் அவருக்கு எந்த முனை முதலில் என்று சொல்லிக் கொடுக்கவில்லை, அது தன் பிழை என்று. அவளை எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

கிரெய்க் என் மேசைக்கு வந்து நன்றி சொன்னார். மனதாரத்தான் சொன்னார். இல்லாத மடிப்பைத் தேடி இரண்டு துளை போட்டிருப்போம் என்றார். பிறகு அங்கேயே நின்றார். அவருக்குச் சொல்லக் கஷ்டமாக இருந்ததால் நானே சொன்னேன், தாள் வராது என்பது எனக்குத் தெரியும் என்று. தெரிந்தேதான் எழுதினாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் கொஞ்ச நேரம் என் திரையில் இருந்த கல்லையே பார்த்துவிட்டுப் போனார்.

மார்ச் கடைசியில் எந்திரம் ஏரியை விட்டு ஏறியது. அந்த நிலத்தைக் கம்பெனி கைவிடுவதென்று முடிவானது. என்னுடைய கடைசி நாள் வெள்ளிக்கிழமை. இனி யாரும் பார்க்கப் போவதில்லை, அந்த முப்பது மீட்டரை அப்படியே விட்டுவிடு என்றார்கள். விடவில்லை. மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொரு மூன்று மீட்டரையும் திருப்பி, முதலிலிருந்து எழுதினேன். ஐம்பது வருஷம் கழித்து யாராவது அந்த ஏரிக்கு வருவார்கள். வருகிறவர் அந்தக் கல் எப்படி இருந்ததோ அப்படிப் படிக்க வேண்டும். கடைசிப் பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் என் பெயரை முழுதாக எழுதி, சேமித்து, கணினியை அணைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சரவணன் தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்த முதியோர் இல்லத்துச் சமையலறையில் திங்களிலிருந்து ஆள் வேண்டுமாம், மேலாளர் அம்மா என்னையே கேட்டாராம்.

"வரலேன்னு சொல்லிடுங்க" என்றேன். "நான் ஜியாலஜிஸ்ட். இனி அந்த வேலைக்கு மட்டும்தான் மனு போடுவேன்."

"எவ்வளவு நாளைக்கு?"

"கிடைக்கிறவரைக்கும்."

அவர் ஃபோனை எடுத்து, வர மாட்டாள் என்று அந்த அம்மாவுக்குச் செய்தி அனுப்பினார். இதை எழுதும் இன்று நாற்பத்திரண்டாவது நாள். பதினேழு இடத்துக்கு எழுதியிருக்கிறேன். ஒன்பது பேர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள், மற்றவர்கள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நாளைக்குப் பதினெட்டாவதை அனுப்புகிறேன்.